சில்லறை இல்லை

ருஸ்தாவியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் நகரும்.
மேலே ஏற பத்து தெத்ரி.
இறங்குவதற்குக் கேட்பதில்லை.

ஹெல்மண்டிலிருந்து திரும்பிய மார்ச் மாதம்
மல்காஸ் ஒரே ஒரு தரம் அதில் ஏறினான்.
இரும்புக் கதவு படாரென்று சாத்தியது.
நாலாம் மாடி தாண்டுவதற்குள்
என்னைக் கீழே தள்ளி
மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டான்.
பையிலிருந்த தக்காளி நசுங்கி
அவன் சட்டையெல்லாம் சிவப்பு.
அதைப் பார்த்து அவன் போட்ட சத்தம்
ஒன்பது மாடிக்கும் கேட்டது.

அன்றிலிருந்து படிகள்தான்.
நூற்று நாற்பத்து நான்கு.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று,
மூலையை எட்டிப் பார்த்து,
பிறகுதான் அடுத்த படி.
யாராவது எதிரே இறங்கினால்
சுவரோடு சுவராகிவிடுவான்.
சில நாள் மூன்றாம் மாடியிலேயே உட்கார்ந்துவிடுவான்.
மேலே நான்
பீன்ஸ் குழம்பை மூன்றாவது முறை சுட வைப்பேன்.

தோளைத் தொட்டு எழுப்பாதே,
கால்மாட்டில் நின்று பெயரைச் சொல் என்றார் டாக்டர்.
சொல்கிறேன்.
எத்தனை முறை சொன்னால்
பெயருக்கு உரியவன் வருவான் என்று
அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எட்டாம் மாடி கோச்சா மினிபஸ் ஓட்டுகிறவன்.
விடிந்ததிலிருந்து சில்லறையில் கை அளைகிறவன்.
நடந்து வந்தால்
யாரோ உண்டியலைக் குலுக்குவதுபோல் இருக்கும்.
இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன்.

மே மாதம் ஒரு சாயங்காலம்
படிக்கட்டின் கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல்:
"சில்லறை இல்லை மல்காஸ்.
உன்னோடு நடந்தே வருகிறேன்."

மல்காஸ் பதில் சொல்லவில்லை.
கோச்சா இரண்டு படி முன்னால் நொண்டினான்.
பஸ்ஸில் வாத்தோடு ஏறிய கிழவியைப் பற்றி,
கடன் திருப்பித் தராத மைத்துனனைப் பற்றி
பேசிக்கொண்டே வந்தான்.
திருப்பம் வந்தால் மட்டும் குரல் மாறும்:
"யாருமில்லை. ஒரு வாளி."
"யாருமில்லை. நாஸியின் சைக்கிள்."
மறுநாளும் சில்லறை இல்லை.
ஜூன் முழுக்க இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் பார்த்தேன்,
லிஃப்ட் கதவின் ஓரம் முழுக்க
பழைய டயரை அறுத்து ஒட்டியிருந்தது.
யார் செய்தது என்று கேட்டால்
ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள்.

அக்டோபரில் ஆறாம் மாடிக் குழந்தைக்குப் பிறந்த நாள்.
பலூன் வெடித்தது.
மல்காஸின் முழங்கை கோச்சாவின் வாயில் இறங்கியது.
படியில் ரத்தம்.
நான் ஈரத் துணியோடு ஓடினேன்.
பல்லைத் துப்பிவிட்டு கோச்சா சொன்னான்,
"எப்படியும் பிடுங்க வேண்டிய பல்."

ஐந்து நாள் மல்காஸ் வெளியே போகவில்லை.
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
தரையில் உட்கார்ந்திருந்தான்.
அந்த ஐந்து நாளில்
எனக்கு அவன்மேல் வந்த கோபத்தை
இங்கே எழுதப் போவதில்லை.
ஆறாம் நாள் ரொட்டி வாங்கப் போனான்.
திரும்பி வரும்போது கீழே அதே குரல்,
கொஞ்சம் காற்று கலந்து:
"சில்லறை இல்லை."

பனி விழுந்த ஒரு நாள்
நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தேன்.
மல்காஸ்தான் முதலில் பேசினான்.
"என்னிடம் இருக்கிறது. பிடி.
நீ லிஃப்டில் போ. உன் முழங்கால்
என் தலைக்குள் வரை கிரீச்சிடுகிறது."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு காசு விழுந்தது.
கதவு பொத்தென்று மூடியது.
கைப்பிடியில் மல்காஸின் கை மட்டும் தெரிந்தது,
அது நகரவில்லை.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது.
"யாருமில்லை," என்றது கோச்சாவின் குரல்.
கை நகர்ந்தது.
இன்னொரு காசு விழுந்தது. பொத்.
"மூன்று. ஒரு பூனை."
இன்னொரு காசு.
"நாலு. அதே வாளி."
இன்னொன்று.

ஒன்பது வரைக்கும் வந்தார்கள்.
ஏது இத்தனை சில்லறை என்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.